நன்றி, இளைப்பாறுதல், நோக்கம்: எங்க ஜெபக்கூட்டத்துல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

நான் பாளையங்கோட்டைல ஸ்டாஃப் நர்ஸா 22 வருஷமா வேலை பாக்குறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டு மாடில ஒரு சின்ன ஜெபக்கூட்டம் நடக்கும், பதினஞ்சு இருபது பேர் வருவாங்க, பாதிப் பேர் டூட்டி முடிச்சு யூனிஃபார்மோடயே வந்து உக்காருவாங்க. பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம் எல்லாம் முடிஞ்சு சுக்குக் காப்பி குடிக்கிற நேரத்துல தான் உண்மையான கேள்விங்க வரும். ஆள் மாறும், கேள்வி மாறாது. அதனால இத்தனை வருஷமா கேட்டதையும், நானும் மத்தவங்களும் சொன்னதையும், அப்புறம் எங்க சபைப் போதகர் ஐயர்கிட்ட கேட்டு திருத்திக்கிட்டதையும் இங்க எழுதி வைக்கிறேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன், பேரு மட்டும் போடல.

அக்கா, ஸ்தோத்திரம்னா என்ன? நன்றியா, புகழ்ச்சியா, இல்ல போன் எடுத்தவுடனே சொல்ற ஹலோவா?

மூணும் தான். நம்ம தமிழ் வேதாகமத்துல ரெண்டு வேற வேற வார்த்தைக்கு ஸ்தோத்திரம்னு ஒரே வார்த்தைய போட்டுட்டாங்க. "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி"ன்னு சங்கீதம் 103ல வர்றது எபிரெயத்துல வாழ்த்துறது, போற்றுறது. 1 தெசலோனிக்கேயர் 5:18ல "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்"னு வர்றது கிரேக்கத்துல நன்றி சொல்றது. அந்த கிரேக்க வார்த்தை யூகரிஸ்தியா. கோயில்ல அப்பமும் ரசமும் பகிர்ந்துக்கிற நற்கருணைக்கு உலகம் பூரா வழங்குற யூகரிஸ்ட்ங்கிற பேரே அதுல இருந்து தான் வந்துச்சு.

இது தெரிஞ்ச பிறகு நற்கருணை எனக்கு வேற மாதிரி ஆயிடுச்சு. 1 கொரிந்தியர் 11ல, தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்னைக்கு ராத்திரி தான் இயேசு அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிப் பிட்டார்னு பவுல் எழுதுறார். கானா ஊர் கல்யாணத்து ராத்திரி இல்ல, அஞ்சாயிரம் பேருக்கு சோறு போட்ட நாள் இல்ல, கூட உக்காந்து சாப்பிடுறவனே காட்டிக்கொடுக்கப் போறான்னு தெரிஞ்ச ராத்திரி. நம்ம நன்றி அங்க இருந்து ஆரம்பிக்குது. இதை மறந்துட்டா கீழ வர்ற பாதிப் பதில் புரியாது.

நான் டெய்லி கிராட்டிட்யூட் ஜர்னல் எழுதுறேன், மூணு நல்ல விஷயம். அதுவும் இதுவும் ஒண்ணு தானே?

எழுதுறத விட்டுடாதீங்க, நல்ல பழக்கம். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, ஜர்னல்ல "இன்னைக்கு மழை வந்துச்சு, நல்லா இருந்துச்சு"ன்னு எழுதுறோம். அது சந்தோஷம். நன்றின்னு சொன்னா யாருக்குன்னு ஒரு ஆள் வேணும். பக்கத்து வீட்டுல இருந்து ஒரு தூக்குச்சட்டில குழம்பு வந்தா நாம தூக்குச்சட்டிக்கு நன்றி சொல்றதில்ல, குடுத்தவங்களத் தேடிப் போறோம், வெறும் சட்டியத் திருப்பிக் குடுக்காம ரெண்டு முறுக்காவது போட்டுக் குடுக்குறோம்.

கிறிஸ்தவ நன்றி அதுதான், குடுத்தவர் பக்கம் திரும்புறது. அதனால அதே மூணு வரிய "அப்பா, மழைக்கு நன்றி"ன்னு ஆரம்பிச்சு எழுதிப் பாருங்க. ஒரு வாரத்துல அது டைரி மாதிரி இருக்காது, கடிதம் மாதிரி ஆயிடும்.

மனசுல நன்றியே வரல. வாயால மட்டும் சொன்னா மாய்மாலம் இல்லையா?

மாய்மாலம்னா உள்ள ஒண்ண வச்சிக்கிட்டு அடுத்தவங்க பாக்கணும்னு வெளிய வேற காட்டுறது. உங்களுக்கு உள்ள வரலங்கிறத நீங்களே ஆண்டவர்கிட்ட ஒத்துக்கிட்டு, அப்படியும் வாயத் திறக்குறீங்கன்னா அது மாய்மாலம் இல்ல, கீழ்ப்படிதல். சங்கீதம் 103ல தாவீது யார்கிட்ட பேசுறார்னு பாருங்க, தன்னோட ஆத்துமாகிட்ட. "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே"ன்னு தனக்கே புத்தி சொல்றார். தானா பொங்கி வந்திருந்தா அவர் தன்னையே தட்டி எழுப்ப வேண்டிய அவசியமே இல்லையே.

எங்க கூட்டத்துக்கு வர்ற ஒரு தம்பி, வேலை போயி எட்டு மாசம் வீட்டுல இருந்தவன், "எனக்கு ஒண்ணுமே தோணலக்கா"ன்னான். சரி, நீ இன்னைக்கு என்ன சாப்பிட்ட, யாரு பொங்கினா, அத மட்டும் சொல்லுன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அம்மா காலைல அஞ்சு மணிக்கே எந்திச்சு இட்லி அவிச்சாங்க, எனக்கு நாலு வச்சிட்டு அவங்க ரெண்டு தான் சாப்பிட்டாங்க"ன்னான், சொல்லும்போதே குரல் கம்மிப் போச்சு. அன்னைக்கு அதுவே போதுமா இருந்துச்சு.

1000 ஸ்தோத்திரம் சொல்லி முடிச்சா கண்டிப்பா அற்புதம் நடக்கும்னு சொல்றாங்களே?

அந்த ஆயிரம் ஸ்தோத்திர புஸ்தகம் எங்க வீட்டுலயும் இருக்கு, எங்க அம்மா தினமும் வாசிப்பாங்க. தேவனோட பேரு, அவர் குணம், அவர் செஞ்சது எல்லாத்தையும் ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே போகும்போது நம்ம பிரச்சனை மேலயே இருந்த கண்ணு மெதுவா அவர் பக்கம் திரும்பும், அது உண்மை. ஆனா ஆயிரம்ங்கிற எண்ணுக்குள்ள சக்தி கிடையாது. அஞ்ஞானிகள் மாதிரி வீண்வார்த்தைகள அலப்பாதீங்கன்னு மத்தேயு 6ல இயேசுவே சொல்லியிருக்கார். எண்ணி முடிச்சு பில்லு போடுற மாதிரி அவர்கிட்ட போகாதீங்க. பத்து சொன்னாலும் யோசிச்சு சொல்லுங்க.

காணிக்கை தான் நன்றியா? தசமபாகம், அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கு, குடுத்தா பத்து மடங்கு திரும்ப வரும்னு ஒரு பிரசங்கத்துல கேட்டேன்.

திரும்ப வரும்னு குடுத்தா அது டெபாசிட். நன்றிங்கிறது ஏற்கனவே வாங்கினதுக்கு. மல்கியா 3ல வானத்தின் பலகணிகள திறப்பேன்னு தேவன் சொல்றது உண்மை தான், ஆனா அதே அதிகாரத்துல, அதுக்கு முன்னாடி, கூலிக்காரனோட கூலிய அபகரிக்கிறவங்க, விதவைய, திக்கற்ற பிள்ளைய ஒடுக்குறவங்க மேல அவர் கோவமா இருக்கார், அதை யாரும் வாசிக்கிறதில்ல. வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவுக்கு சம்பளத்த இழுத்தடிச்சிட்டு தசமபாகத்த கவர்ல போட்டா அந்தக் கணக்கு சரியா வராது.

நன்றி காணிக்கை எப்படி இருக்கும்னு எங்க அறுப்பின் பண்டிகைல பாக்கணும். வாழைத்தார், தேங்கா, பூசணி, சேவல், வீட்டுல சுட்ட முறுக்குன்னு அவங்கவங்க கொண்டாந்து பீடத்துக்கு முன்னாடி வச்சிருவாங்க, ஆராதனை முடிஞ்சதும் வேப்பமரத்தடில ஏலம். ஒரு வருஷம் ஒரு ஆச்சி முந்தானைல முடிஞ்சு நாலு நாட்டுக்கோழி முட்டை கொண்டு வந்தாங்க. ஏலம் விடுறவர் "முதல் தரம்"னு சொல்றதுக்குள்ள ஒருத்தர் அம்பது கேட்டார், இன்னொருத்தர் நூறு கேட்டார், எடுத்தவர் திரும்ப ஏலத்துக்கே குடுத்துட்டார், இப்படி அந்த நாலு முட்டை மூணு கை மாறி, கடைசியா எடுத்தவர் கொண்டு போயி அந்த ஆச்சி கைலயே குடுத்தார். ஆச்சி வாங்க மாட்டேன்னுட்டாங்க. "ஏசுவுக்குன்னு கொண்டாந்தது, வீட்டுக்கு எப்படிய்யா கொண்டு போவேன்"னாங்க. யாருக்கு எத்தனை மடங்கு வந்துச்சுன்னு அங்க யாரும் கணக்குப் பாக்கல.

எல்லாத்துலயும் ஸ்தோத்திரம் பண்ணணும்னா, எங்க அப்பா செத்ததுக்கும் பண்ணணுமா?

இந்தக் கேள்விய அடக்கம் முடிஞ்சு ரெண்டாவது வாரத்துல ஒரு பிள்ளை கேட்டுச்சு. யாரோ ஒருத்தர் வீட்டுக்கு வந்து "அழாத, ஸ்தோத்திரம் பண்ணு"ன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. தயவுசெஞ்சு யாரும் அப்படி சொல்லாதீங்க. "எல்லாவற்றிலேயும்"னு தான் அந்த வசனத்துல இருக்கு. எந்த நிலைமைக்குள்ள இருந்தாலும் அங்க இருந்து அவர்கிட்ட பேசலாம்னு அர்த்தம். லாசரு கல்லறைகிட்ட, இன்னும் கொஞ்ச நேரத்துல அவன எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் இயேசு கண்ணீர் விட்டார். சாவு தேவன் படைச்ச நல்லதுல ஒண்ணு இல்ல, பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துருன்னு தான் 1 கொரிந்தியர் 15 சொல்லுது. அப்பா போனதுக்கு நன்றி சொல்ல வேண்டாம். அப்பா இருந்ததுக்கு என்னைக்காவது சொல்ல வரும், அதுக்கும் அவசரம் இல்ல.

நான் டிரெஸ்ஸிங் ரூம்ல நிறைய சுகர் கால் பாத்திருக்கேன். வலிக்குதுன்னு கத்துறவங்கள விட, "ஒண்ணும் தெரியல சிஸ்டர்"னு சிரிச்சிக்கிட்டு வர்றவங்கள பாத்தா தான் எனக்கு பயமா இருக்கும், செருப்புக்குள்ள ஒரு சின்னக் கல்லு கிடந்து ரெண்டு நாளா குத்தியிருக்கும், அவங்களுக்குத் தெரியவே தெரியாது. வேலூர்ல தொழுநோயாளிகளுக்கு கை ஆபரேஷன் பண்ணின டாக்டர் பால் பிராண்ட் இதைத் தான் கண்டுபிடிச்சு சொன்னார், அவங்க விரல் தேஞ்சு போறது நோயால மட்டும் இல்ல, வலி தெரியாததால தினமும் படுற காயத்தால. அழக்கூடாதுன்னு பழக்குற விசுவாசம் மரத்துப் போன கால் மாதிரி. அழுகை வர்ற இடத்துல தான் உயிர் இருக்கு, அங்க இருந்து தான் ஒருநாள் நன்றியும் வரும்.

அதெல்லாம் சரி, ஆனா எபேசியர் 5:20ல "எல்லாவற்றிற்காகவும்"னு தெளிவா இருக்கே? என்னை அடிக்கிற புருஷனுக்காகவும் ஸ்தோத்திரம் பண்ணுன்னு எனக்கு சொல்லியிருக்காங்க.

இருக்கு, நான் மறைக்கல. ஆனா அதே அதிகாரத்துல ஒன்பது வசனம் மேல போங்க, 11ஆவது வசனம், கனியில்லாத அந்தகார கிரியைகளுக்கு உடன்படாம அவைகள கடிந்துகொள்ளுங்கன்னு பவுல் சொல்றார். ஒரே மூச்சுல எழுதினவர் இருட்டான காரியத்துக்கு நன்றி சொல்லுன்னு சொல்லியிருப்பாரா? எல்லாவற்றிற்காகவும்ங்கிறதுக்குள்ள பாவம் சேராது. அடிக்கிறது பாவம். அதே அதிகாரத்துல புருஷனுக்கு சொன்னது, கிறிஸ்து சபைக்காக தன்னையே குடுத்த மாதிரி அன்பா இருக்கணும்ங்கிறது.

அதனால சகோதரி, நீங்க முதல்ல பத்திரமா இருக்கிற இடத்துக்குப் போங்க, பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க. பெண்கள் உதவி எண் 181, ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம். காயத்தை டாக்டர்கிட்ட காட்டி எழுத்துல பதிவு பண்ணி வைங்க. அங்க போன பிறகு, கதவு தாழ்ப்பாள் போட்டு தூங்குன முதல் ராத்திரிக்கு ஸ்தோத்திரம் பண்ணுங்க, நாங்களும் சேர்ந்து பண்றோம்.

ரெஸ்ட் எடுத்தாலே ஏதோ தப்பு பண்ற மாதிரி இருக்கு. எல்லா வேலையும் முடிச்சிட்டு தானே ஓயணும்?

எனக்கும் அப்படித் தான் இருந்துச்சு. நர்ஸ் வேலைல உக்காந்தாலே யாராவது பாத்துருவாங்களோன்னு இருக்கும். ஆதியாகமம் முதல் ரெண்டு அதிகாரத்த ஒரு நைட் டூட்டில மெதுவா வாசிச்சப்போ ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. மனுஷன ஆறாவது நாள்ல படைச்சார், ஏழாவது நாள் ஓய்ந்தார். அப்போ ஆதாமுக்கு முழுசா கிடைச்ச முதல் நாளே ஓய்வு நாள். அவன் இன்னும் ஒரு களை கூட பிடுங்கல, ஒரு செடிக்கு தண்ணி ஊத்தல, அதுக்குள்ள லீவு. சம்பாதிச்சு வாங்கின ஓய்வு இல்ல அது, இலவசமா கைல குடுத்தது.

ரெண்டாவது, "சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று". சாயங்காலம் முதல்ல வருது. யூதர்களுக்கு இன்னைக்கும் நாள் பொழுது சாயும்போது தான் ஆரம்பிக்குது. அப்படின்னா ஒரு நாளோட முதல் பகுதில நாம செய்றது தூக்கம், நாம தூங்கும்போது அவர் வேலைய ஆரம்பிச்சிடுறார், காலைல எந்திச்சு நாம போயி அவர் வேலைல சேர்ந்துக்கிறோம். இதை நான் படிச்சது ராத்திரி மூணு மணி இருக்கும், வார்டுல எல்லாரும் தூங்குறாங்க, டிரிப்ஸ் சொட்டுற சத்தம் கூட கேக்குற அளவுக்கு அமைதி. நான் ஒருத்தி முழிச்சிருக்கிறதால தான் இவங்க எல்லாரும் உயிரோட இருக்காங்கன்னு அதுவரைக்கும் உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு இருந்துச்சு போல, அன்னைக்கு அது என்னை விட்டுப் போயிடுச்சு.

ஓய்வுநாள் சனிக்கிழமையா ஞாயித்துக்கிழமையா?

பத்துக் கட்டளைல சொல்றது ஏழாவது நாள், சனி. இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தோட முதல் நாள்ங்கிறதால சபை ஞாயித்துக்கிழமை கூட ஆரம்பிச்சுச்சு. இதுக்கு மேல சண்டை போட எனக்கு விருப்பம் இல்ல, ரோமர் 14:5ஐ ஒருதரம் வாசிச்சிட்டு அடுத்த கேள்விக்கு வாங்க.

எனக்கு ஞாயித்துக்கிழமை தான் டூட்டி போடுறாங்க. கோயிலுக்கே போக முடியல. நான் கட்டளைய மீறுறேனா?

இல்லம்மா. சரித்திரத்துல ஒண்ண தெரிஞ்சுக்கோங்க. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயித்துக்கிழமைய ஓய்வு நாளா அறிவிச்சது கி.பி. 321ல. அதுக்கு முன்னாடி இருந்த விசுவாசிகளுக்கு ஞாயிறு ஒரு சாதாரண வேலை நாள், அதுல நிறைய பேர் அடிமைங்க, லீவு கேக்குற நிலைமையே கிடையாது. கி.பி. 112 வாக்குல பிளினின்னு ஒரு ரோம ஆளுநர் பேரரசருக்கு எழுதின கடிதத்துல, இந்தக் கிறிஸ்தவங்க ஒரு குறிப்பிட்ட நாள்ல விடியிறதுக்கு முன்னாடியே கூடி கிறிஸ்துவ தேவனா எண்ணிப் பாடுறாங்கன்னு சொல்றார். விடியிறதுக்கு முன்னாடி ஏன் கூடினாங்க? விடிஞ்சா வேலைக்குப் போகணும்ல. அதனால ஞாயித்துக்கிழமை காலைல பஸ்ஸுக்கு ஓடுற நீங்க ஒண்ணும் தனியா இல்ல.

ஆனா ஒண்ணு, ஞாயிறு இல்லைன்னா வேற ஒரு நாளாவது வேணும். வீக்லி ஆஃப் செவ்வாய்க்கிழமைன்னா செவ்வாய ஓய்வுநாளா வச்சுக்கோங்க, அன்னைக்கு டபுள் டூட்டிக்கு கூப்பிட்டா பணத்துக்காக மட்டும் ஓடாதீங்க. சபையையும் மொத்தமா விட்டுடாதீங்க, ஈவினிங் ஆராதனை இருக்கும், ஒண்ணும் முடியலன்னா வெள்ளிக்கிழமை மாடிக்கு வந்துருங்க.

ஞாயித்துக்கிழமை தான் எங்களுக்கு வேலை அதிகம். காலைல சண்டே கிளாஸ், அப்புறம் ஆராதனை, பெண்கள் சங்கம், வீட்டுக்கு வந்து கறிக் குழம்பு. இதுல எங்க ஓய்வு?

இதைக் கேட்ட அன்னைக்கு அறைல இருந்த எல்லாப் பெண்களும் சிரிச்சுட்டோம், ஆம்பளைங்க காப்பி டம்ளரைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. உபாகமம் 5:14ஐ வீட்டுல சத்தமா வாசிங்க. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறணும்னு இருக்கு, மாடு கழுதை வரைக்கும் பேரு போட்டிருக்கு. அடுத்த வசனத்துல காரணமும் இருக்கு, நீ எகிப்துல அடிமையா இருந்தவன், அதை நினைச்சுக்கோன்னு. ஒருத்தர் ஓயணும்ங்கிறதுக்காக இன்னொருத்தர் அடுப்படில வேகுறது அந்தக் கட்டளைக்குள்ள வராது.

இயேசு வீட்டுக்கு வந்தப்போ கூடப்பிறந்த மரியாள் அவர் பாதத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்க, வேலைல தவிச்ச மார்த்தாள வச்சு பெண்களுக்கு மட்டும் நிறைய பிரசங்கம் பண்ணியாச்சு. எனக்கு தோணுறது, அன்னைக்கு அந்த வீட்டுல சாப்பிட உக்காந்திருந்த மத்தவங்க எந்திச்சு ஒரு கை குடுத்திருந்தா மார்த்தாளும் வந்து பாதத்துல உக்காந்திருப்பா. எங்க வீட்டுல இப்போ சனிக்கிழமை சாயங்காலமே குழம்பு வச்சிருவோம், ஞாயிறு மதியம் சோறு வடிக்கிறது என் வீட்டுக்காரரும் பையனும். வனாந்தரத்துல வானத்துல இருந்து கிடைச்ச மன்னா அப்பத்தோட கதையும் அப்படித் தானே, யாத்திராகமம் 16ல ஆறாவது நாளே ரெண்டு மடங்கு சேர்த்து வச்சாங்க.

ஜெபம் பண்றேன், வேதம் வாசிக்கிறேன், ஆனாலும் தூக்கம் வரல, எந்திக்கவே மனசில்ல. செத்தா தேவலன்னு இருக்கு. விசுவாசம் குறைஞ்சிருச்சா?

எலியா தீர்க்கதரிசி கேட்டதும் இதே தான். 1 இராஜாக்கள் 18ல கர்மேல் மலைல வானத்துல இருந்து அக்கினிய இறக்கினவர், அடுத்த அதிகாரத்துலயே வனாந்தரத்துல சூரைச்செடிக்குக் கீழ படுத்துக்கிட்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவ எடுத்துக்கோங்கன்னு சொல்றார். தேவன் அவருக்கு பிரசங்கம் பண்ணல. ஏன் விசுவாசம் இல்லன்னு கேக்கல. தூங்க விட்டார். தூதன் வந்து தொட்டு எழுப்பினப்போ தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரத்துல தண்ணியும் இருந்துச்சு. சாப்பிட்டார், மறுபடியும் படுத்தார், மறுபடியும் எழுப்பி சாப்பாடு. பேச்சு எல்லாம் அதுக்கப்புறம் நாப்பது நாள் கழிச்சு ஓரேப்ல தான். ஒரு நர்ஸா சொல்றேன், இதை விட நல்ல கவனிப்ப நான் பாத்ததில்ல.

அதனால நீங்க டாக்டரப் பாருங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இப்படி இருந்தா அது டிப்ரஷனா இருக்கலாம், மருந்து எடுக்குறது அவிசுவாசம் இல்ல, சுகருக்கு மாத்திரை போடுறதும் இதுவும் ஒண்ணு தான். டெலி மானஸ்ங்கிற மனநல உதவி நம்பர் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம். சாகணும்ங்கிற நெனப்பு இப்பவே பலமா இருந்தா தனியா இருக்காதீங்க, பக்கத்துல ஒருத்தரக் கூப்பிட்டு வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஜெபிக்க முடியலன்னா பரவாயில்ல, உங்களுக்காக நாங்க ஜெபிக்கிறோம், அதுக்குத் தானே சபை.

என் வாழ்க்கைல தேவனோட நோக்கம் என்னன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? குரல் கேக்கணுமா?

காலேஜ் பிள்ளைங்க கேக்குறதுல முதல் இடம் இதுக்குத் தான். ஐடா ஸ்கடர் கதைய நாம எல்லாரும் சின்ன வயசுல இருந்து கேட்டிருப்போம். அவங்க அப்பா மிஷனரி டாக்டர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு தான் அமெரிக்கால இருந்து திண்டிவனம் வந்தாங்க, இங்கயே தங்குற எண்ணமே இல்ல. ஒரே ராத்திரில மூணு பேர் கதவத் தட்டி, பிரசவத்துல கஷ்டப்படுற மனைவிய வந்து பாருங்கன்னாங்க. எங்க அப்பா டாக்டர், அவர் வருவார்னு ஐடா சொன்னதுக்கு, ஆம்பளை பாக்கக் கூடாதுன்னு அவங்க திரும்பிட்டாங்க. மூணு பெண்களும் இறந்துட்டாங்க. ஐடா அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயி மருத்துவம் படிச்சு வந்து, 1900ல வேலூர்ல ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்சது தான் இன்னைக்கு சி.எம்.சி. ஆஸ்பத்திரியா இவ்வளவு பெருசா நிக்குது.

இதைக் கேட்டுட்டு நமக்கும் ராத்திரி யாராவது கதவத் தட்டணும்னு காத்துக்கிட்டு இருக்கோம். நான் அந்தக் கதைல கவனிக்கிறது வேற, வானத்துல இருந்து ஒரு குரலும் வரல. வந்தது மூணு பயந்து போன புருஷங்க. பக்கத்துல இருந்த தேவை தான் அவங்களுக்கு அழைப்பு ஆச்சு. உங்க கதவ இப்போ தட்டிக்கிட்டு இருக்கிறது யாரு? வயசான தாத்தாவா, கணக்கு வராத தங்கச்சியா? எபேசியர் 2:10ல நற்கிரியைகள தேவன் முன்னாடியே ஆயத்தம் பண்ணி வச்சிருக்கார், நாம அதுல நடக்கணும்னு இருக்கு. நடக்கணும்ங்கிறார். ஒரு அடி வச்சா தான் அடுத்த அடி தெரியும்.

முழுநேர ஊழியம் தான் உயர்ந்த நோக்கமா? நான் ஜவுளிக்கடைல பில்லு போடுறேன்.

கொலோசெயர் 3:23, எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாம கர்த்தருக்கென்றே மனப்பூர்வமா செய்யுங்கங்கிறது, போதகர்களுக்கு எழுதினது இல்ல. மேல 22ஆவது வசனத்தப் பாருங்க, வேலைக்காரங்களுக்கு, அன்னைக்கு நிலைமைல அடிமைங்களுக்கு. தரையத் தொடைச்சவங்களுக்கும் தண்ணி சுமந்தவங்களுக்கும் தான் முதல்ல அது வாசிக்கப்பட்டுச்சு. இயேசுவ மாற்கு 6:3ல ஊர்க்காரங்க தச்சன்னு தான் அடையாளம் சொல்றாங்க. ஊழியத்த ஆரம்பிச்சப்போ அவருக்கு ஏறக்குறைய முப்பது வயசு. அதுக்கு முந்தின வருஷங்கள்ல அவர் இழைச்ச பலகை எல்லாம் வீணா?

தீபாவளி கூட்டத்துல பன்னிரண்டு மணி நேரம் நின்னு பில்லு போடும்போது, கணக்குத் தெரியாத ஒரு கிராமத்து அம்மாவுக்கு மீதிச் சில்லறைய கைல எண்ணி வைக்கிறீங்களே, அது கர்த்தருக்கென்று செய்றது. சேல்ஸ் பெண்களுக்கு உக்கார ஸ்டூல் போடணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டம் வந்தாச்சு, அதைக் கேட்டு வாங்குறதும் மேல நான் சொன்ன உபாகமம் 5:14க்குள்ள தான் வருது.

வருஷப்பிறப்பு வாக்குத்தத்த கார்டுல எனக்கு எரேமியா 29:11 வந்துச்சு. அந்த வருஷம் தான் எல்லாம் போச்சு. வசனம் பொய்யா?

வசனம் பொய் இல்ல, கார்டு சின்னது. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்"னு அந்த வரி மட்டும் தான் அதுல பிடிக்கும். அந்த அதிகாரத்துல பெரும்பகுதி ஒரு கடிதம், ஊரையும் கோயிலையும் விட்டு பாபிலோனுக்கு சிறைபிடிச்சுக் கொண்டு போகப்பட்டவங்களுக்கு எரேமியா எழுதினது. அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி, ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்ப வந்துரும்னு சொல்லி ஜனங்கள சந்தோஷப்படுத்தினான். எரேமியா சொன்னது எழுவது வருஷம். வாசிச்சவங்கள்ல நிறைய பேர் திரும்பி வர்றதுக்குள்ள மண்ணுக்குள்ள போயிருப்பாங்க.

அந்த எழுவது வருஷத்துக்கு என்ன செய்யச் சொல்றார்? வீடு கட்டுங்க, தோட்டம் போட்டு அதோட கனிய சாப்பிடுங்க, பிள்ளைங்கள கட்டிக்குடுங்க, நீங்க இருக்கிற ஊரோட சமாதானத்தத் தேடி அதுக்காக ஜெபம் பண்ணுங்க. அந்த வாக்குத்தத்தம் தோத்துப் போனவங்களுக்குத் தான் முதல்ல குடுத்தது, அதனால உங்க கைக்கு அது தப்பா வரல. கார்ட கிழிச்சுப் போட்டுட்டேன்னீங்க, பரவாயில்ல. வேதத்துல 29ஆவது அதிகாரம் அப்படியே இருக்கு, நாலாவது வசனத்துல இருந்து வாசிங்க.

எங்க அம்மா பக்கவாதம் வந்து மூணு வருஷமா படுக்கைல. "நான் யாருக்குடா பிரயோஜனம்"னு கேக்குறாங்க. என்ன சொல்ல?

டோனாவூர் நம்ம ஊர்ல இருந்து ரொம்ப தூரம் இல்ல. எமி கார்மைக்கேல் அம்மா அங்க நூத்துக்கணக்கான பிள்ளைங்கள வளத்தாங்க. 1931ல கீழ விழுந்தவங்க அதுக்கப்புறம் எழுந்து பழைய மாதிரி நடமாடவே முடியல, 1951ல இறக்கிற வரைக்கும் பெரும்பாலும் அந்த அறையும் படுக்கையும் தான். அங்க இருந்தே எழுதினாங்க, பிள்ளைங்கள கூப்பிட்டு வச்சுப் பேசினாங்க. அவங்கள அடக்கம் பண்ணின இடத்துல இன்னைக்கும் குருவிங்க தண்ணி குடிக்க ஒரு கல் தொட்டி தான் இருக்கு.

ஆனா உங்க அம்மாவால எழுத முடியாது, பேச்சும் குழறுது, தெரியும். அவங்களுக்கு எமி அம்மா கதைய பாரமா வச்சிடாதீங்க. மேல சொன்ன ஆதாம் கதைய சொல்லுங்க, ஒரு வேலையும் செய்றதுக்கு முன்னாடியே தேவன் பாத்து மிகவும் நன்றாயிருந்ததுன்னு சொன்னார்ல. அப்புறம் ஒரு உதவி கேளுங்க, நெசமாவே கேளுங்க. தினமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க நல்லா இருக்கிற கைய எடுத்து உங்க தலைல வச்சுக்கிட்டு, "ஜெபம் பண்ணுங்கம்மா"ன்னு சொல்லுங்க.

பத்துக் குஷ்டரோகிகள்ல ஒருத்தன் தான் நன்றி சொல்ல வந்தான். மத்த ஒன்பது பேருக்கு சுகம் போயிருச்சா? நான் நன்றி சொல்லலன்னா குடுத்தத எடுத்துருவாரா?

லூக்கா 17ஐ எத்தனை தடவை வேணும்னாலும் வாசிங்க, ஒன்பது பேருக்கும் குஷ்டம் திரும்ப வந்துச்சுன்னு ஒரு வரி கிடையாது. மத்த ஒன்பது பேர் எங்கேன்னு தான் கேட்டார். அந்தக் கேள்வில எனக்குக் கேக்குறது மிரட்டல் இல்ல, ஏக்கம். பிள்ளைங்க வெளிநாடு போயி செட்டில் ஆன பிறகு போனுக்குக் காத்திருக்கிற ஒரு அம்மா குரல் மாதிரி. நன்றி சொல்லலன்னா சுகத்த இழக்கமாட்டோம், அவரோட முகத்தப் பாக்குற சந்தோஷத்த இழப்போம். திரும்பி வந்தவனுக்கு மட்டும் தான் அந்தப் பாதம் கிடைச்சுது, "எழுந்து போ, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது"ங்கிற வார்த்தையும் கிடைச்சுது.

நான் கிறிஸ்தவன் இல்ல. என் ஃப்ரெண்டு சொல்லி இதெல்லாம் கேக்குறேன். நான் இயேசுவுக்கு நன்றி சொல்லலாமா, இல்ல முதல்ல மதம் மாறணுமா?

அந்தத் திரும்பி வந்தவன் யாருன்னு லூக்கா ஒரு வரி எழுதியிருக்கார், அவன் சமாரியன். யூதர்கள் வீட்டு வாசல்ல சேர்க்காத ஆளு. இயேசுவே "இந்த அந்நியன்"னு தான் சொல்றார். ஆலயத்துக்குள்ள போற வழி தெரிஞ்ச மத்தவங்க போயிட்டாங்க, வழி தெரியாத இவன் நேரா அவர்கிட்டயே வந்தான். அவன் மதத்தப் பத்தி அவர் எந்தக் கேள்வியும் கேக்கல.

அதனால உங்களுக்கு எப்படி பேச வருமோ அப்படியே பேசுங்க, தமிழ்ல, கண்ணத் திறந்துக்கிட்டே கூட. அவர் யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சுன்னா லூக்கா சுவிசேஷத்த ஆரம்பத்துல இருந்து வாசிங்க, ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம்னா 24 நாள். நடுவுல கேள்வி வந்தா வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மேல வாங்க, மாடிப்படி பக்கத்துல செருப்பக் கழட்டிட்டு பின்னாடி வரிசைல உக்காந்துக்கலாம், யாரும் எந்திச்சு சாட்சி சொல்லச் சொல்ல மாட்டாங்க. சுக்குக் காப்பி இருக்கும்.